பொம்மைக்கும் தீட்டா?

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே மிசிசிப்பி என்றொரு மாநிலம். பருத்திக் காடுகள் நிறைந்த பூமி. அந்தக் காடுகளிலே கறுப்பு அடிமைகள் தலைமுறை தலைமுறையாகச் சிந்திய வியர்வையால் வளம் பெற்ற பூமி. 1970-ஆம் ஆண்டில் அம்மாநிலத்துக் கல்வித் தொலைக்காட்சி ஆணையத்தினர் கூடினர், ஆலோசித்தனர், ஒரு நிகழ்ச்சியைத் தங்கள் மாநிலத்தில் ஒளிபரப்புவதில்லை என்று தீர்மானித்தனர். என்ன நிகழ்ச்சி அது? ஆட்சியைக் கவிழ்க்க அழைப்பு விடுத்ததா? ஆபாசம் மலிந்ததா? ஆண்டவனைப் பழித்ததா? இல்லை, தோழர்களே, இல்லை! மூன்று வயதும் நான்கு வயதும் ஆன மழலைகளுக்கு எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த நிகழ்ச்சி. மஞ்சள் நிறத்திலே ஆளுயரத்தையும் மிஞ்சிய பறவை ஒன்றும், குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் சிடுமூஞ்சிப் பொம்மை ஒன்றும் வருகின்ற நிகழ்ச்சி. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்பது அதன் பெயர்.

குற்றம் என்னவென்றால், அந்தத் தெருவிலே கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்திருந்தன. அவ்வளவுதான்! எவரும் மேடையேறிச் சமத்துவம் பேசவில்லை. நிறவெறி ஒழிக என்று முழங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். சேர்ந்து உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தச் ‘சேர்ந்து’ என்னும் சொல்தான் ஆணையத்தாரின் தூக்கத்தைக் கெடுத்தது. மிசிசிப்பி இன்னும் இதற்குப் பக்குவப்படவில்லை என்று அவர்களில் ஒருவரே சொன்னதாகச் செய்தி வெளிவந்தது. கண்டனம் எழுந்தது, 22 நாட்கள் கழித்துத் தாங்கள் போட்ட தடையைத் தாங்களே நீக்கிக்கொண்டனர்.

1969 நவம்பர் 10-ஆம் நாள் தொடங்கிய அந்த நிகழ்ச்சியை உருவாக்கியவர் ஜோன் கான்ஸ் கூனி என்னும் பெண்மணி. அவருக்கு ஆலோசகராக இருந்தவர்களுள் ஒருவர் செஸ்டர் பியர்ஸ் என்னும் கறுப்பின மனநல மருத்துவர். பணக்காரர் மாளிகைகளின் தோட்டத்தையோ, மந்திரவாதியின் கோட்டையையோ அவர்கள் களமாகக் கொள்ளவில்லை. நகரத்து ஏழைகள் வாழும் தெரு ஒன்றை, அதன் அழுக்கோடும் குப்பைத் தொட்டியோடும் காட்டினார்கள். அந்தத் தெருவில் ஒரு கறுப்பினத் தம்பதியைக் குடிவைத்தார்கள். அவர்களிலே கணவர் ஆசிரியர். மனைவி முதலில் வெறும் இல்லத்தரசி. பெண்ணுரிமை இயக்கத்தார் விட்டார்களா? ‘இவ்வளவு முற்போக்குப் பேசும் நீங்கள் பெண்ணை அடுக்களையில் அடைப்பதேன்?’ என்று கேட்டார்கள். அந்தப் பாத்திரம் பின்னர் செவிலியாக வேலைக்குச் சென்றது. நம்மவர்களின் கேள்விக்கும் காது கொடுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அமெரிக்காவின் தெருவைப் பற்றித் தேர்வாய் கண்டிகையிலிருந்து நான் ஏன் எழுதவேண்டும்? தெரு என்னும் சொல்லுக்கு நம் நாட்டிலே இருக்கும் பொருள்தான் காரணம்.

வைக்கத்திலே 1924-இல் தந்தை பெரியார் சிறைக்குச் சென்றது கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று. கோயிலைச் சுற்றியிருந்த தெருவிலே மனிதன் நடப்பதற்காக! அதே காலத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த பிரச்சினை என்ன? தேசத்தொண்டர் நடத்திய பள்ளி. காங்கிரசின் பணம் பெற்ற பள்ளி. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதா கூடாதா என்பதே கேள்வி. மிசிசிப்பியில் 1970-இல் எழுந்த கேள்வியை நாம் அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டோம். பெருமைதான். ஆனால் பாருங்கள், அவர்கள் அந்தக் கேள்வியைக் குழந்தையின் கண்முன்னே, நாள்தோறும், வீட்டுக் கூடத்திலே கொண்டுபோய் வைத்தார்கள். நாம் வைத்தோமா?

நாடகத்தை நாம் ஆயுதமாக்கினோம். 1949-இல் ‘வேலைக்காரி’, 1952-இல் ‘பராசக்தி’ என்று திரைப்படத்தை வெள்ளித்திரை அறைகூவலாக்கினோம். நடிகவேள் இராதாவின் நாடகங்களைக் கண்டு அஞ்சி 1954-இல் சட்டமே இயற்றினார்கள் ஆட்சியாளர்கள். அத்தனையும் பெரியவர்களுக்கு! ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாம் தந்த கலை எது? பதில் சொல்லத் திணறுகிறேன்.

கருவி இல்லை என்று சொல்ல முடியாது. 2006-இல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி சென்றது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. ‘ஏழைக்கு எதற்கடா டி.வி.?’ என்று ஏகடியம் பேசினார்கள் ஏழெட்டு டி.வி. வைத்திருந்தவர்கள். அந்தப் பெட்டியிலேதான், ‘சுட்டி’ தொலைக்காட்சியில், டோராவை நான் கண்டேன். என் வயதையொத்த இளைஞர்கள் எவரும் அவளை மறந்திருக்கமாட்டார்கள். முதுகிலே பை, கையிலே வரைபடம், பக்கத்திலே குரங்குத் தோழன் புஜ்ஜி. ஆறு தாண்டுவாள், காடு தாண்டுவாள், மலை தாண்டுவாள். மாலையில் திரும்பி வருவாள்.

பெட்டியின் முன்னே என்னோடு அமர்ந்து பார்த்த என் ஆயா ஒருநாள் கேட்டார்: “ஏன்டி, இந்தப் பொண்ணுக்கு அப்பன் ஆயி இல்லியா? தனியா எங்க போறா? யாரும் கேக்க மாட்டாங்களா?” எட்டு வயதில் எனக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. பெண் ஒருத்தி வெளியே போவதென்றால் எவரிடமாவது கேட்டுத்தான் போகவேண்டும் என்ற எண்ணம் எழுபது ஆண்டுகளாக அவர் நெஞ்சில் இறுகியிருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆயினும் அவர் மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். குள்ளநரி வரும்போது என்னைவிட உரக்கக் கத்தியவர் அவர்தான்!

டோரா நம் ஊரில் பிறந்தவள் அல்லள். குரல் மட்டுமே தமிழ். அவள் காட்டில் சாதி கிடையாது. அதனால் அவள் சாதியை எதிர்க்கவேண்டிய தேவையும் கிடையாது.

நம் நாட்டிலேயே பிறந்த பொம்மைப்படங்களின் கதை என்ன? 1987-இல் அரசுத் தொலைக்காட்சியே ஞாயிறுதோறும் இராமாயணத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் கொளுத்திய பக்தர்களும் உண்டு. அந்த வெற்றியின் வாசனை பின்வந்த குழந்தைப் படங்களையும் விடவில்லை. பால அனுமான் வந்தார், பால கணேசர் வந்தார், பால கிருட்டிணர் வந்தார். 2008-இல் ‘சோட்டா பீம்’ வந்தான். அவன் புராணத்துப் பீமன் அல்லன், பெயர் மட்டுமே அது என்பார்கள். இருக்கட்டும். அவன் ஊரிலே அரசன் உண்டு. சிக்கல் வந்தால் அவன் லட்டைத் தின்று தசையை முறுக்கிக் குத்துவான். லட்டைக் கொடுப்பது சிறுமியின் வேலை. சிந்தித்துச் சிக்கலைத் தீர்க்கும் வேலை பெரும்பாலும் எவருக்கும் இல்லை.

மாற்று முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1990களில் ஐ.நா. குழந்தைகள் நிதியம் தெற்காசியாவுக்கென்று ‘மீனா’ என்னும் சிறுமியைப் படைத்தது. வங்கதேசத்தில் திட்டம் உருவாயிற்று. உருவம் கொடுத்ததில் முதன்மையானவர் இந்தியக் கலைஞர் ராம் மோகன். எந்த மதத்துப் பெண் என்றோ எந்த நாட்டுப் பெண் என்றோ அடையாளம் சொல்ல முடியாதபடி அவளுக்கு உடை தேர்ந்தெடுத்தார்கள். தம்பியைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், மீனாவை அனுப்பவில்லை. அவள் தன் கிளியைப் பள்ளியின் சன்னலுக்கு அனுப்புகிறாள். கிளி கேட்டு வந்து எண்ணிக்கை சொல்லிக்கொடுக்கிறது. அதைக் கொண்டு அவள் வீட்டுக் கோழிகளை எண்ண, ஒன்று குறைகிறது, திருடன் பிடிபடுகிறான், தகப்பனுக்குப் புத்தி வருகிறது. பெண்கல்வி பற்றி ஒரு வரி உபதேசம் உண்டா? கோழி குறைந்ததைக் கண்டுபிடித்தாள், அவ்வளவே! ஆயிரம் மேடைப் பேச்சுக்கு அந்த ஒரு கோழி சமம் என்பேன். பேச்சாளத் தோழர்கள் பொறுத்தருள்க.

2006 ஆகஸ்டு 15-இல் செசமி தெருவே இந்திக்கு வந்தது, ‘கலி கலி சிம் சிம்’ என்ற பெயரில். பள்ளிச் சீருடை அணிந்த சம்கி என்னும் ஐந்து வயதுச் சிறுமிப் பொம்மை அதிலே துப்பறிவாள், கேள்வி கேட்பாள். நல்ல படைப்பு. பல மதத்தார், பல மாநிலத்தார் அந்தச் சந்திலே கூடி வாழ்ந்தனர். ஆனால் அங்கே பூம்பா என்றொரு சிங்கம் உண்டு. அரச பரம்பரையில் வந்த சிங்கமாம், சைவச் சிங்கமாம்! நாட்டின் மிகப் பலர் கறியும் மீனும் உண்ண, காட்டின் அரசனுக்குக் கீரை பரிமாறியவர்களின் கைப்பக்குவத்தை என்னென்பது! மதத்தைத் தொட்டார்கள், மொழியைத் தொட்டார்கள், சாதியைத் தொடாமல் கையைக் கழுவிக்கொண்டார்கள் என்பதே என் மனக்குறை.

பழமையின் பிடி நம்மைவிடக் கொடிதாக இறுகிய நாட்டிலும் துணிந்தவர் உண்டு. ஆப்கானிஸ்தானத்தில் 2011-இல் ‘பாக்ச்-எ-சிம்சிம்’ தொடங்கியது. 2016-இல் சரி என்னும் ஆறு வயதுச் சிறுமிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். முக்காடு போட்டிருப்பாள், பள்ளிக்கும் போவாள், பந்தும் விளையாடுவாள். மறு ஆண்டில் அவளுக்குச் சீரக் என்றொரு தம்பியைப் படைத்தார்கள். ஏன்? அக்காவைப் பார்த்து வியந்து, அக்காவைப் போலப் படிக்கவேண்டும் என்று ஏங்கும் தம்பி வேண்டும் என்பதற்காக! பெண்ணை உயர்த்திக் காட்டினால் மட்டும் போதாது, அவளை மதிக்கும் ஆணையும் காட்டவேண்டும் என்று கண்டுகொண்டார்கள். 2021 ஆகஸ்டு 15-இல் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். அடுத்த மாதம் உயர்நிலைப் பள்ளிகளை ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்தனர். ஐந்தாண்டுகள் சரியைப் பார்த்த சிறுமிகள் அந்த நாட்டிலே பூட்டிய வீடுகளுக்குள் வளர்கிறார்கள்.

இனி என் வட்டாரத்துக்கு வருகிறேன். தேர்வாய் கண்டிகை என்றால் சென்னையில் இருப்போருக்கு இரண்டே பொருள்: ஒன்று 2020-இல் திறக்கப்பட்ட அரை டி.எம்.சி. குடிநீர்த் தேக்கம், மற்றொன்று சிப்காட்டின் டயர் தொழிற்சாலை. அந்தத் தொழிற்பேட்டைக்காக மேய்ச்சல் நிலத்தை எடுத்தபோது எளிய மக்கள் எதிர்த்துப் போராடியதை மறந்தவர் பலர். இன்று இங்கே தமிழும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகளோடு, கும்மிடிப்பூண்டி வரை பரந்த ஆலைகளுக்கு வேலை தேடி வந்த ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பள்ளிக்கு வருகிறார்கள்.

இவ்வட்டாரத்தில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பொம்மை நாடகம் ஒன்று செய்தேன். பழைய காலுறையில் பொம்மை, சட்டைப் பொத்தானில் கண், கிழிந்த சீருடைத் துணியில் பாவாடை. கைப்பேசியில் படம்பிடித்து வகுப்பறைத் திரையில் காட்டுவது என்று திட்டம். பத்து நிமிடக் கதை. பிள்ளைகளே கட்டிய கதை. ஊர்த்தெருச் சிறுமியின் ஆட்டுக்குட்டி காணாமல் போகிறது. தேடித்தேடிக் காலனிக்குள் போகிறாள். ஆட்டுக்குட்டி அங்கே ஒரு பையன் வீட்டில் முருங்கைத் தழை தின்றுகொண்டிருக்கிறது. வெயிலில் அலைந்தவள் தண்ணீர் கேட்கிறாள், பையன் கொடுக்கிறான், குடிக்கிறாள், ஆட்டோடு திரும்புகிறாள். இதிலே தத்துவம் எதுவும் நான் நுழைக்கவில்லை. தண்ணீர் குடிக்கும் காட்சியைச் சேர்த்தவள் அந்தப் பொம்மைக்குக் குரல் கொடுத்த சிறுமியே. வெயிலில் நடந்தால் தாகம் எடுக்கும் என்பது அவள் கண்ட நியாயம்.

ஒத்திகை வீட்டுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை அவள் தந்தை வந்தார். கோபமாக வரவில்லை, மரியாதையாகத்தான் வந்தார்.

“கதை நல்லாத்தான் இருக்குது டீச்சர். ஆடு எங்க வேணா போகட்டும். பொண்ணு ஏன் அந்த வீட்ல தண்ணி குடிக்கணும்? அத மட்டும் எடுத்துடுங்க.”

“அது பொம்மைங்க ஐயா.”

“பொம்மைதான். குரல் எம்பொண்ணுதாச்சே.”

தோழர்களே, தீட்டு எங்கெங்கே இருக்கும் என்று நம் முன்னோர் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கிணற்றில் உண்டு, குவளையில் உண்டு, நிழலில்கூட உண்டு என்றார்கள். காலுறைப் பொம்மை, இல்லாத குவளையில், இல்லாத தண்ணீரைக் குடித்தாலும் அதற்குக் கொடுத்த குரலின் வழியே தீட்டு ஏறும் என்பதை அன்றுதான் அறிந்தேன்! அவரைக் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. ஆலையிலே இரவுப்பணி முடித்து, உறங்காத கண்களோடு வந்தவர். அங்கே உணவுக்கூடத்தில் எவரோடு எவர் உட்கார்ந்து உண்கிறார் என்று அவர் பார்ப்பதில்லை. ஊருக்குள் வந்தால் மட்டும் பார்க்கவேண்டியிருக்கிறது. பார்க்காவிட்டால் பங்காளிகள் பார்ப்பார்கள்.

காட்சியை எடுக்க நான் இசையவில்லை. மகளின் குரலை அவர் எடுத்துக்கொண்டார். யார் பேசுவது? ஊர்ப்பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவினர். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகள் கையைத் தூக்கினாள். தமிழ் பேசத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை அவளுக்கு. பேசினாள். ‘ழ’ கரம் வரவில்லை, வாக்கியம் தலைகீழாய் நின்றது. ஆனாலும் ஆட்டுக்குட்டியை அவள் அழைத்த அழைப்பிலே உயிர் இருந்தது. படம் திரையில் ஓடியது. பெற்றோர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். தண்ணீர் குடிக்கும் காட்சியும் ஓடியது. எவரும் ஒரு சொல் சொல்லவில்லை, அந்தத் தந்தை உட்பட!

ஏனென்று எண்ணிப் பார்த்தேன். அந்த ஒடியாச் சிறுமி என்ன சாதி என்று ஊராருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தீட்டு இல்லை. ஆயிரம் ஆண்டு மலைபோல் நிற்கிறது என்கிறார்களே அந்தச் சாதி, ஒரு பெயர்ப்பலகையைக் கழற்றினால் எவ்வளவு எளிதாக நின்ற இடம் தெரியாமல் போகிறது! திரை ஓடியபோது நான் வேறொன்றையும் கண்டேன். முதல் வரிசையிலே, குரல் பறிக்கப்பட்ட அந்தச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் அவள் உதடுகள் ஓசையின்றி அசைந்துகொண்டிருந்தன. முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

சிறுபிள்ளை விளையாட்டுக்கு இத்தனை விளக்கமா என்பீர்களாயின், நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, தாழ்த்தப்பட்டவன் என்பதற்காக, அவனுடைய வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். கையிலே சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உள்ள நாடு இது. நீதிநாயகம் சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. ‘காலனி’ என்னும் சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இரண்டும் வேண்டியவையே. ஆனால் கயிறு கையில் ஏறுவது பதினைந்து வயதில். மனத்தில் ஏறுவதோ ஐந்து வயதில். அந்த ஐந்து வயதிலே பிள்ளை எதன் முன்னே உட்கார்ந்திருக்கிறது? தொலைக்காட்சியின் முன்னே, இப்போது கைப்பேசியின் முன்னே.

நம்மிடம் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்டு 26 முதல் நடக்கிறது. அதன் படப்பிடிப்புக் கூடம் அமைந்தது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலே. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக்கிடந்தபோது பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த நன்றியை ஆசிரியர்கள் மறக்கமாட்டோம். ஆயினும் அது இன்னும் கரும்பலகையின் நீட்சியாகவே பெரிதும் இருக்கிறது. பாடம் நடத்துகிறது, தெருவைக் காட்டவில்லை.

தெருவுக்கும் பஞ்சமில்லை. 1997-இல் கலைஞர் அரசு அறிவித்து, 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத்தை எண்ணிப் பாருங்கள். நூறு வீடுகள்: தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. வாசலிலே பெரியார் சிலை. அனைவருக்கும் ஒரே சுடுகாடு. அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் எழுந்தன. அமெரிக்கர் அட்டையாலும் பலகையாலும் கூடத்துக்குள்ளே கட்டிய தெருவை நாம் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் மண்ணின்மேல் கட்டியிருக்கிறோம். அதற்குள் ஒரு படக்கருவியைக் கொண்டுபோய், நான்கு பொம்மைகளையும் பத்துக் குழந்தைகளையும் உட்காரவைத்து, வாரத்துக்கு அரைமணி நேரம் எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுக்க ஏன் இயலாது? அதைத் தமிழிலே எழுத நம் இளைஞர்களுக்கு எழுத்து வராதா? பொம்மை செய்யக் கலைஞர்களுக்குக் கை வராதா? எதிர்ப்பு வரும், வரட்டும். மிசிசிப்பிக்கு 22 நாட்கள் ஆயிற்று. நமக்குக் கூடுதலாக ஆகலாம். ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருக்கவேண்டும்: இந்தத் தெருவில் சிங்கம் வந்தால் அது கறி தின்னட்டும்!

அரசு செய்யும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அடுத்த பொம்மை நாடகத்துக்குத் தெரு ஒன்றை அட்டையில் செய்கிறோம். என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். ரேஷன் கடை என்றான் ஒருவன். கம்பெனி பஸ் நிற்குமிடம் என்றான் மற்றொருவன். ஒடியாச் சிறுமி, ஒரு வீட்டுக் கதவில் தன் மொழி எழுத்து இருக்கவேண்டும் என்றாள். குரல் பறிக்கப்பட்ட சிறுமிக்கு இம்முறை அட்டை வெட்டும் வேலை. அதற்கு அவள் தந்தை தடை சொல்லவில்லை. அடிபம்பு வேண்டும் என்றாள் அவள். எத்தனை என்றேன். “ஒண்ணுதான் டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த ஒரு பம்புக்குக் கைப்பிடியாக வைக்க ஐஸ் குச்சி தேடிக்கொண்டிருக்கிறார்கள் பிள்ளைகள்.